ஈயம், நிலக்கரி, கடைசியில் தேயிலை: கேமரன் மலையில் 'போ' தோட்டத்தைத் தொடங்கிய ஜே.ஏ. ரஸ்ஸல் தொழில் கற்றது எப்படி?

தாப்பாவில் இருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் போனவர்களுக்குத் தெரியும். வளைவுக்கு மேல் வளைவு. வாந்தி வராமல் மேலே போய்ச் சேர்ந்தால் அதுவே பெரிய விஷயம். ரிங்லெட்டைத் தாண்டும்போது காற்று மாறிவிடும். ஏர்கோனை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குவோம். இன்னும் கொஞ்ச தூரம் போனால் சரிவு முழுக்கச் சீவி விட்டது போலத் தேயிலைச் செடிகள். நடுவில் ஒரு பெயர்ப் பலகை: போ.

தமிழில் எழுதினால் ஒரே எழுத்து. நம் காதுக்கு யாரையோ விரட்டுவது போலவும் இருக்கும். ஆனால் மலேசியாவில் அந்தப் பெயர் தெரியாத சமையலறை குறைவு. ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் கிலோ தேயிலை தயாரிக்கும் இந்த நிறுவனம் 1929-ல் தொடங்கியது. தொடங்கியவர் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல். ஆர்ச்சி என்பது வீட்டில் கூப்பிடும் பெயர்.

இதில் வியப்பான விஷயம் ஒன்று உண்டு. மலாயாவின் முதல் மலைத் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய இந்த மனிதர், தேயிலைத் தொழிலில் பெயர் எடுத்தவர் கிடையாது. அதுவரை அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை ஈயமும் நிலமும் நிலக்கரியும்தான். தேயிலைக்கு வந்தபோது நாற்பது வயதைத் தாண்டியிருந்தார்.

அப்படியென்றால் எந்தத் தைரியத்தில் இறங்கினார்? ஒரு தொழிலில் கற்றது இன்னொரு தொழிலுக்குக் கை கொடுக்குமா? அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கிறது.

சிறுவனாக வந்து இறங்கிய கோலாலம்பூர்

ரஸ்ஸல் குடும்பம் 1890-ல் மலாயாவுக்கு வந்தது. தந்தைக்கு அரசாங்கத்தில் வேலை. ஆர்ச்சிக்கு அப்போது ஏழெட்டு வயது.

அன்றைய கோலாலம்பூரைக் கற்பனை செய்து பாருங்கள். நகரத்தை வளர்த்தெடுத்த சீனத் தலைவர் யாப் ஆ லோய் இறந்து ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கிள்ளான் பக்கம் போகும் ரயில் பாதை 1886-ல் திறக்கப்பட்டிருந்தது. தம்புசாமி பிள்ளை வாழ்ந்த காலம் அது. பத்துமலையில் முருகனுக்கு வழிபாடு தொடங்கியதும் ஏறக்குறைய அந்த ஆண்டுகளில்தான். விக்டோரியா பள்ளி 1893-ல்தான் வரப்போகிறது. சேறும் தகரக் கூரையுமாக இருந்த அந்த ஊருக்குப் பணம் வந்த வழி ஒன்றே ஒன்று: ஈயம்.

அந்த ஈயத் தொழில் பெரும்பாலும் சீன முதலாளிகள் கையில் இருந்தது. எந்த மண்ணில் ஈயம் இருக்கும், எங்கே தோண்டினால் தண்ணீர் வந்து கெடுக்கும், யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவு புத்தகத்தில் இல்லை. ஆங்கிலத்திலும் இல்லை.

ஆங்கிலேய அதிகாரிகளில் பலர் மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சமாளித்தார்கள். ரஸ்ஸல் வேறு வழியில் போனார். மலாய் பேசினார். சீன மொழியும் சரளமாகப் பேசக் கற்றார். பின்னாளில் வெள்ளைக்கார வியாபாரிகள் மத்தியில் அவர் தனித்துத் தெரிந்ததற்கு இந்த மொழி அறிவு முக்கியக் காரணம்.

இதைச் சும்மா ஒரு கூடுதல் தகுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நடுவில் ஆள் இல்லாமல் பேச முடிந்தால் பேரம் மட்டும் படியாது. எதிரில் இருப்பவர் எதைச் சொல்லத் தயங்குகிறார் என்பதும் புரியும். தொழிலில் தேர்ச்சி என்று நாம் சொல்வதில் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஈயத்தில் இருந்து நிலக்கரிக்கு

ஈயத்தில் தொடங்கியவர் அதோடு நிற்கவில்லை. நிலம், கட்டடம், ரப்பர் என்று கைவைத்தார். ஜே.ஏ. ரஸ்ஸல் அண்ட் கம்பெனி என்ற பெயர் கோலாலம்பூர் வணிக உலகில் தெரிந்த பெயரானது.

அவருக்குப் பெரிய பெயர் கொடுத்தது நிலக்கரி. சிலாங்கூரில் ரவாங்கிற்கு அருகே உள்ள இடம் பத்து ஆராங். மலாயில் பத்து என்றால் கல், ஆராங் என்றால் கரி. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. 1908 வாக்கில் அங்கே நிலக்கரி இருப்பது வெளியே தெரியவந்தது. அதைத் தொழிலாக மாற்ற ரஸ்ஸல் முன்னின்று உருவாக்கிய நிறுவனம் மலாயன் காலியரீஸ். 1915-ல் கரி வெட்டும் வேலை தொடங்கியது.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் பத்து ஆராங் கரி முதல் தரக் கரி இல்லை. சீக்கிரம் நொறுங்கும். குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கும் குணமும் அதற்கு உண்டு. அப்படிப்பட்ட கரியைத் தோண்டி, பத்திரமாக ஏற்றி, வாங்குபவருக்குப் பிடிக்கும்படி கொடுப்பது தனித் திறமை.

வாங்கியவர்கள் யார்? முதலில் ரயில்வே. அதுவரை எஞ்சினுக்கு விறகும் வெளிநாட்டுக் கரியும்தான். பிறகு மின்சார நிலையம், சுரங்கங்கள். பத்து ஆராங்கிலேயே செங்கல் சூளையும் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையும் வந்தன. காட்டின் நடுவில் ஒரு தொழில் நகரமே உருவானது.

ஈயத்தில் கற்ற எது இங்கே உதவியது? மண்ணைப் பற்றிய அறிவு கொஞ்சம். ஆள் சேர்ப்பது, சாமான் ஏற்றுவது, வங்கியிடம் பேசுவது நிறைய. ஆனால் கரியின் குணம் புதிது. அதற்கு அந்த வேலை தெரிந்த பொறியாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் வேண்டும். ஒரு துறையில் கற்றதை அப்படியே இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. எது கூட வரும், எது வராது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

1929: ஏன் தேயிலை?

1920-களின் கடைசியில் மலாயாவின் இரண்டு தூண்களும் ஆட ஆரம்பித்தன. ரப்பர் விலையைத் தாங்கிப் பிடித்த ஏற்றுமதிக் கட்டுப்பாடு 1928-ல் முடிவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு உலகப் பொருளாதார மந்தம். ரப்பரும் ஈயமும் சேர்ந்து சரிந்தன. அடுத்த சில ஆண்டுகளில் வேலை இழந்த லட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேறி ஊர் திரும்ப வேண்டி வந்தது. நம் குடும்பங்களில் அந்தக் காலத்தைப் பற்றிய கதை ஒன்றாவது இருக்கும்.

காசு உள்ளவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த நேரம் அது. ரஸ்ஸல் யோசித்தது வேறு. மந்தம் வந்தால் மனிதர்கள் கார் வாங்க மாட்டார்கள், அதனால் டயருக்கான ரப்பர் விற்காது. டின் பொருள்களைக் குறைப்பார்கள், ஈயம் விற்காது. தேநீரை அவ்வளவு சீக்கிரம் விட மாட்டார்கள். மலாயாவில் தேநீர் குடிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. அந்தத் தேயிலை பெரும்பாலும் வெளியில் இருந்து வந்துகொண்டிருந்தது.

இடமும் சரியாக அமைந்தது. 1885-ல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் பார்த்துவிட்டுப் போன மேட்டு நிலம், நாற்பது ஆண்டுகள் ஏறக்குறைய அப்படியே கிடந்தது. 1925-ல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்கே நேரில் போய்ப் பார்த்தார். அதன் பிறகு அரசாங்கம் வேகம் எடுத்தது. 1926-ல் தாப்பாவில் இருந்து சாலை போடும் வேலை தொடங்கியது. 1931-ல் அது போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. தானா ராத்தாவில் விவசாயத் துறை சோதனைத் தோட்டம் அமைத்து, என்னென்ன பயிர் வரும் என்று பார்க்க ஆரம்பித்தது.

அதாவது சாலை முடியும் முன்பே ரஸ்ஸல் அங்கே நிலம் கேட்டுவிட்டார். கரியும் ஈயமும் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது. பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கீழே கொண்டுவர வழி இல்லை என்றால் அதற்கு விலை இல்லை. வழி வரப்போகிறது என்று தெரிந்தால், அதற்கு முன்பே போய் நிற்க வேண்டும்.

தெரியாததை ஒப்புக்கொண்ட இடம்

ஆனால் செடி? மண்ணுக்கு அடியில் இருப்பதை எடுத்து விற்பது ரஸ்ஸலுக்குத் தெரியும். மண்ணுக்கு மேலே மூன்று, நான்கு ஆண்டு காத்திருந்து, பிறகு தளிரைக் கிள்ளி, அதே நாளில் தொழிற்சாலையில் வாடவைக்கத் தொடங்க வேண்டிய வேலை வேறு ரகம்.

இங்கேதான் அவர் வாழ்க்கையின் முக்கியமான முடிவைப் பார்க்கிறோம். இலங்கையில் நீண்ட காலம் தேயிலைத் தோட்டம் நடத்திய ஏ.பி. மில்ன் என்பவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். கம்பெனி நடத்த ரஸ்ஸல், செடி வளர்க்க மில்ன்.

மில்ன் கொண்டுவந்தது தனி மனிதரின் அனுபவம் மட்டும் இல்லை. இலங்கையில் அந்தத் தொழிலே தட்டுத் தடுமாறித்தான் வளர்ந்தது. 1869-க்குப் பிறகு காப்பிச் செடிகளில் இலைத் துரு நோய் பரவித் தோட்டங்கள் அழிந்தன. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1867-ல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். பங்களா தாழ்வாரமே அவருடைய முதல் தொழிற்சாலை. மேசை மீது இலையைக் கையால் உருட்டி, மண் அடுப்பில் காயவைத்துத்தான் அவர் பழகினார். அங்கே தொடங்கி அறுபது ஆண்டுகளில், பல தவறுகளின் வழியாக, இலங்கை கற்ற தொழிலைத்தான் மில்ன் கேமரன் மலைக்கு எடுத்து வந்தார். ரஸ்ஸல் அதை முதலில் இருந்து கற்க உட்காரவில்லை. கற்றவரை அழைத்து வந்தார்.

இருபது வயதில் தெரியாது என்று சொல்வது பெரிய விஷயம் இல்லை. நாற்பது தாண்டி, மூன்று தொழிலில் வென்று, ஊரே முதலாளி என்று கூப்பிடும்போது சொல்வதுதான் கஷ்டம். பலர் அந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். ஒன்றில் கெட்டிக்காரர் எல்லாவற்றிலும் கெட்டிக்காரர் என்று நம்பிவிடுகிறார்கள்.

தோட்டத்துக்கு வைத்த பெயரிலும் அவர் வந்த வழி தெரிகிறது. சீனாவின் ஃபூஜியன் மாநிலத்தில் உள்ள வூயி மலைகள் தேயிலைக்குப் பேர்போனவை. பழைய ஆங்கில வணிகர்கள் அந்த மலையையும் அதன் தேயிலையையும் போஹீ என்று அழைத்தார்கள். அதில் இருந்து வந்ததே போ என்கிறது நிறுவனம்.

ஒரு ரோலர், சில கோவேறு கழுதைகள், நிறையக் கைகள்

செங்குத்தான காட்டுச் சரிவைத் தோட்டமாக மாற்றிய கதையை நிறுவனம் இன்றும் பெருமையாகச் சொல்லும். நீராவியில் ஓடும் சாலை உருளை ஒன்று, சில கோவேறு கழுதைகள், மிச்சமெல்லாம் மனித உழைப்பு.

அந்த மிச்சத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மரம் வெட்டி, வேர் பிடுங்கி, சரிவில் மண் சரியாமல் வரிசை பிடித்துக் கன்று நட்டவர்களில் தமிழர்கள் ஏராளம். லயத்தில் தங்கி, விடியும் முன் பெரட்டுக்கு நின்று, பனியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு மலை ஏறியவர்கள்.

கொழுந்து பறிப்பதை வெளியில் இருந்து பார்ப்பவர்கள் எளிய வேலை என்று நினைப்பார்கள். கூடையை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் முயன்று பார்த்தால் தெரியும். இரண்டு இலை ஒரு மொட்டு, அதுதான் கணக்கு. கொஞ்சம் கீழே போனால் முற்றிய இலை வந்து தேயிலையின் தரம் கெடும். மேலேயே கிள்ளினால் எடை நிற்காது. வளர்ச்சி நின்ற தளிர் எது, அடுத்த சுற்றுக்கு விட வேண்டிய தளிர் எது என்று விரல் முடிவு செய்ய வேண்டும். கண் பார்த்துச் சொல்லும் வரை காத்திருந்தால் கூடை நிறையாது. கையில் அதிக நேரம் இறுக்கிப் பிடித்தால் கொழுந்து சூடேறிக் கறுத்துவிடும். செடியின் மேல்பரப்பு மேசை போலச் சமமாக இருக்கும்படியும் பறிக்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் கழித்து அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும் அல்லவா?

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து. எந்தக் கிளையை எந்த உயரத்தில் வெட்டுவது என்பதில்தான் அடுத்த சில ஆண்டு விளைச்சல் இருக்கிறது. தவறாக வெட்டினால் செடி நோயில் விழும்.

தொழிற்சாலையில் இன்னொரு வித்தை. இலையை வாடவைத்து, உருட்டி, நொதிக்க விட்டு, காயவைத்து, சலித்துப் பிரிக்க வேண்டும். நொதித்தது போதும் என்று சொல்வது மூக்கு. இலை பச்சையில் இருந்து செம்பு நிறத்துக்கு மாறி, வாசம் ஏறி வரும் அந்த நேரத்தைப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் பச்சை வாடை, பிந்தினால் சுவை செத்துவிடும். நாலரை, ஐந்து கிலோ பச்சை இலை கொடுத்தால்தான் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். தவறு செய்தால் வீணாவது அத்தனை பேரின் ஒரு நாள் வேலை.

ரஸ்ஸலின் தொழில் தேர்ச்சியைப் பற்றி எழுத ஆவணம் இருக்கிறது. கம்பெனிப் பத்திரம், செய்தித்தாள், குடும்பக் கடிதம் எல்லாம் உண்டு. இந்த விரல்களின் தேர்ச்சிக்குச் சம்பளப் புத்தகத்தில் எடை மட்டும்தான் எழுதப்பட்டது. யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார் என்று எங்கேயும் எழுதவில்லை. அம்மா பக்கத்தில் நின்று மகள் கற்றாள், மூத்தவரைப் பார்த்து இளையவர் கற்றார். அவ்வளவுதான்.

முழு விளைச்சலைப் பார்க்காமலேயே

1933-ல் ரஸ்ஸல் இறந்தார். ஐம்பது வயதுதான். தோட்டம் தொடங்கி நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. தேயிலைச் செடி முழுப் பலன் தர அதைவிடக் கூடுதல் ஆண்டுகள் பிடிக்கும். கடைசியாக ஆரம்பித்த தொழிலின் முழு விளைச்சலை அவர் பார்க்கவே இல்லை.

அவர் விட்டுப்போன எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல முடியாது. அவர் இறந்து நான்கு ஆண்டுகளில், 1937 மார்ச்சில், பத்து ஆராங் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து சுரங்கத்தையே தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள். அரசாங்கம் படையை அனுப்பித்தான் அதை மீட்டது. மலாயாவின் தொழிலாளர் வரலாற்றில் அது பெரிய நிகழ்வு. கரியைப் புரிந்துகொண்ட நிறுவனம், அதை வெட்டியவர்களைப் புரிந்துகொள்ளவில்லை என்பதை அது காட்டியது. 1960-ல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது.

தேயிலை நிலைத்தது. ஜப்பானியர் காலத்தையும் அவசரகாலத்தையும் தாண்டி வந்தது. மகன் டிரிஸ்டன் ரஸ்ஸல் பின்னாளில் பொறுப்பேற்று நடத்தினார். அவருக்குப் பிறகு பேத்தி கேரலைன் ரஸ்ஸல் தலைமைக்கு வந்தார். கேமரன் மலையில் போ, சுங்கை பாலாஸ், ஃபேர்லி என மூன்று தோட்டங்கள். சிலாங்கூரில் புக்கிட் சீடிங் ஒன்று. மொத்தம் சுமார் 1,200 ஹெக்டர்.

இன்று அந்த மலையில்

இன்று அங்கே போனால் கையால் கொழுந்து பறிப்பவர்களைப் பார்ப்பது அரிது. பெரிய கத்தரிக்கோலும் இருவர் பிடித்துச் செல்லும் இயந்திரமும் வந்துவிட்டன. அதைப் பிடிப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவில் இருந்து வந்தவர்கள். தோட்டத் தமிழர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் படித்து, வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அது நல்லதுதான். லயத்தில் பிறந்தவர் லயத்திலேயே இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லப் போவதில்லை. தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளும் மாரியம்மன் கோயில்களும் அங்கே இன்னும் நிற்கின்றன.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. மூன்று தலைமுறை விரலில் ஏறிய அறிவு எங்கே போனது? அதைக் கேட்டுப் பதிவு செய்ய இன்னும் நேரம் இருக்கிறது. கேமரன் மலையிலும், அங்கிருந்து இறங்கி ஈப்போ, கோலாலம்பூர் என்று பிள்ளைகளோடு வந்துவிட்ட வீடுகளிலும், கொழுந்து பறித்த பாட்டிகள் இருக்கிறார்கள்.

ரஸ்ஸல் வாழ்க்கையில் இருந்து இன்று வேலை பார்க்கும் நாம் எடுத்துக்கொள்ளக்கூடியதும் இதை ஒட்டியதுதான். அவர் ஒவ்வொரு தொழிலிலும் முதலில் தேடியது வேலை தெரிந்த ஆளை. சீன முதலாளியிடம் பேச மொழி கற்றார். கரிக்குப் பொறியாளரை வைத்தார். தேயிலைக்கு மில்ன். ஆண்டுகள் கூடக் கூட, தனக்கு எது தெரியாது என்று சரியாகச் சொல்லத் தெரிந்ததுதான் அவருடைய தேர்ச்சி. ஆனால் அவரோ அவர் காலத்து மற்ற துரைமார்களோ, சரிவில் நின்ற பெண்ணின் விரலை அந்த வேலை தெரிந்தவர்களின் வரிசையில் வைத்து எழுதவில்லை.

அடுத்த முறை மலைக்குப் போய், சுங்கை பாலாஸில் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்று சுடச்சுடத் தேநீர் குடிக்கும்போது, நிறுவனத்தைத் தொடங்கியவர் பெயர் சுவரில் இருக்கும். கண்ணாடிக்கு வெளியே, சரிவில் சமமாக நிற்கும் அந்தச் செடிகளையும் கொஞ்ச நேரம் பாருங்கள். உங்கள் வீட்டில் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் யாராவது இருந்தால், வீடு திரும்பியதும் உட்கார வைத்துக் கேளுங்கள், அந்தக் கொழுந்தை எங்கே கிள்ளுவார்கள் என்று. கை தானாகச் செய்து காட்டும்.